கொண்டச்சிக் கடல்கட்டி

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையோரமாய், அரிப்பையும் சிலாவத்துறையையும் கடந்து சென்றால் கொண்டச்சி வரும். மணலும் முட்புதரும் ஆழமில்லாத குடாவும் அல்லாமல் வழிப்போக்கன் கண்ணைக் கவரத்தக்கது அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டு முடிந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில் ஐரோப்பியர் எழுதிய நூல்களில் இவ்வூரின் பெயர் திரும்பத் திரும்ப வருகின்றது. முத்துச் சலாபம் கூடும் ஆண்டுகளில், மாசி பிறந்து பங்குனி கழியும் வரை, வெறும் மணலாய்க் கிடந்த இக்கரை ஒரு பெருநகரமாய் மாறிவிடும். ஓலைக் குடில்களும் கூடாரங்களும் கடைத்தெருக்களும் சில நாட்களில் எழுந்துவிடும். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், மலையாளக் கரையார், செட்டிமார், செப்பிடுவித்தைக்காரர், இரவலர் என்று பல்லாயிரவர் வந்து குழுமுவர். பருவம் முடிந்ததும் சிப்பி ஓடுகளும் அழுகிய சிப்பியின் நாற்றமும் மட்டுமே எஞ்சும்.

அந்நகரில் முத்தை விலைபேச வந்தவர் பலர். அச்சத்தை விலைபேச வந்தவர் ஒருவரும் இருந்தார். அவரைக் கடல்கட்டி என்று அழைத்தனர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவது அவர் தொழில். அவர் கரையில் இல்லாவிடிற் குளிகாரன் ஒருவனும் கடலில் இறங்கமாட்டான்.

இந்நாளில் அச்சமூட்டும் திரைப்படங்களை விடாது பார்த்துவருவோர் ஒரு தனிக் கூட்டத்தார். மேலைநாட்டில் அவர்களுக்கு ஒரு பருவமே உண்டு. ஒக்டோபர் மாத இறுதியில் வரும் ஆவிகளின் இரவை ஒட்டி, முகமூடியணிந்து கத்தியோடு திரியும் கொலைஞனின் படங்களை முதற் பாகத்திலிருந்து வரிசையாகப் போட்டுப் பார்ப்பர். பின்பு வாதம் தொடங்கும். இரண்டாம் பாகம் முதற் பாகத்துக்கு ஈடாகுமா? மூன்றாவதைக் கணக்கிற் சேர்க்கலாமா? செத்தவன் எப்படி மீண்டான்? மூல இயக்குநர் இல்லாத படத்துக்கு அந்தப் பெயர் தகுமா? கேட்போர் இதனை வேலையற்றோர் பேச்சென்று ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குமுன் கொண்டச்சிக் கரையின் பழங்கதைகளைச் சற்றே கேட்டல் நன்று. இவ்வினாக்களிற் பெரும்பாலானவை அந்த மணலில், உயிரைப் பணயம் வைத்தவர் நடுவே, முன்னமே கேட்கப்பட்டுவிட்டன.

மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றிப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் குறிப்பெழுதிய மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்துப் பயணி, பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோரைப் பிராமணர் என்று கூறுகின்றார். அகப்படும் முத்திற் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு மீன் கட்டுவோருக்கு. அரசன் பெறுவதிற் சரிபாதி! ஆனால் அவர் தரும் செய்திகளுட் சுவை மிக்கது வேறொன்று. கட்டு பகலுக்கு மட்டுந்தான். மாலையானதும் மந்திரக்காரர் கட்டை அவிழ்த்துவிடுவர். இரவிற் சுறா தன் விருப்பம்போற் கடிக்கலாம். அப்படியானால் இரவிற் களவாய்ச் சிப்பி அள்ள எவன் துணிவான்? அரசனின் காவற்காரர் நூறு பேர் செய்யும் வேலையை அவிழ்க்கப்பட்ட அந்தச் சுறா செய்தது. அச்சத்தை முற்றாக ஒழித்துவிடுவது கடல்கட்டிக்கும் நன்மையன்று, அரசனுக்கும் நன்மையன்று என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர். கட்டிய அச்சம் மறுநாள் கட்டப்படுவதற்காக அவிழ்க்கப்பட்டே ஆகவேண்டும்.

ஐந்நூறு ஆண்டு கழிந்தது. போர்த்துக்கேயர் வந்து போயினர். ஒல்லாந்தர் வந்து போயினர். 1796இல் ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றினர். மறு ஆண்டுச் சலாபத்தைக் கொண்டச்சியில் நேரிற் கண்ட லெபெக் என்பார் எழுதிய கட்டுரையிற் கடல்கட்டி மீண்டும் காட்சி தருகின்றார். தோணிகள் கடலில் நிற்கும்வரை அவர் கரையில் நின்று முணுமுணுத்துக்கொண்டும் உடலை முறுக்கிக்கொண்டும் இருப்பாராம். உண்ணாநோன்பும் உண்டு. ஆயினும் இடையிடையே கள் அருந்துவது நோன்புக்கு இழுக்கன்று போலும்!

லெபெக் கூறும் நிகழ்ச்சிகளுள் இரண்டு நம் பொருளுக்கு மிக நெருங்கியவை. முதலாவது, பொய்யச்சம். குளிகாரன் ஒருவன் கடலடியிற் சுத்தியல் வடிவான ஒருவகைச் சிப்பியின்மேற் காலை வைத்துவிட்டான். காலிற் சிறு காயம். சுறா கடித்ததென்று எண்ணி வழக்கமான அடையாளத்தைக் காட்டினான். அதைக் கண்ட தோணிகள் பல, அன்றைய வேலையைக் கைவிட்டுக் கரைக்குத் திரும்பின. பாவம், அவன் பின்னர்த் தண்டிக்கப்பட்டான். திரைப்படத்தில் இருட்டறைக் கதவைத் திறந்ததும் பூனை பாய்ந்தோடுகின்றதே, அந்த உத்தியை இன்றைய பார்வையாளர் கைதட்டி வரவேற்கின்றனர். கொண்டச்சியில் அதற்குக் கிடைத்தது தண்டனை. பொய்யச்சத்தால் ஒரு நாள் வருவாய் போயிற்றன்றோ?

இரண்டாவது, மெய்யான காயம். அதே பருவத்திற் குளிகாரன் ஒருவன் சுறாவினால் ஒரு காலை இழந்தான். தலைமைக் கடல்கட்டியை அழைத்து, உன் கட்டு என்னவாயிற்று என்று கேட்டனர். அவர் சிறிதும் கலங்கவில்லை. மலையாளக் கரையிலுள்ள கொல்லத்திலிருந்து கிழவி ஒருத்தி வந்திருக்கின்றாள், அவள் சூனியக்காரி, தம்மேற் பழம்பகை உடையவள், அவள் செய்த எதிர்மந்திரத்தால் தம் கட்டுச் சிறிது நேரம் தளர்ந்துவிட்டது, செய்தி தமக்கு எட்டுமுன் விபத்து நேர்ந்துவிட்டது, இனி இப்பருவம் முடியும்வரை எந்தச் சுறாவும் வாய் திறவாதபடி கட்டித் தம் வலிமையைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டார். அவ்வாறே அந்தப் பருவத்தில் வேறு விபத்து நேரவில்லை என்றும், இது கடல்கட்டியின் நல்லூழ் என்றும் லெபெக் கூறுகின்றார்.

இக்கதையின் அமைப்பை நோக்குக. முதற் பாகத்தில் வென்றவன் இரண்டாம் பாகத்தில் தோற்கவேண்டும். தோற்றதற்குக் காரணம் ஒன்று வேண்டும். அக்காரணம் முன் சொல்லப்படாத ஒரு பழம்பகையாய், வெளியூரிலிருந்து வந்ததாய் இருத்தல் வேண்டும். சூனியம் மலையாள நாட்டிலிருந்தே வரும் என்னும் எண்ணம் தமிழர் நாட்டார் கதைகளிற் பரவலாய் உள்ளது. பிற்காலத் திரைப்படங்களும் அதனை விடவில்லை. கடல்கட்டி கேட்போரின் உள்ளத்தில் முன்னமே இருந்த ஒரு பாத்திரத்தை மேடைக்கு அழைத்தார். அவ்வளவே. கேட்டவர்கள் நம்பினார்களா, நம்பியதாய் நடித்தார்களா? காலை இழந்தவன் என்ன எண்ணினான் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. மற்றையோர் மறுநாள் கடலில் இறங்கினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆங்கிலக் குறிப்புகள் இத்தொழிலின் ஒழுங்கை விரித்துரைக்கின்றன. கடல்கட்டிகள் யாவரும் ஒரே குடும்பத்தார். இருவர் பணியில் இருப்பர். ஒருவர் தலைமைத் தோணியிற் கடலுக்குச் செல்வார். மற்றவர் கரையில் ஓர் அறையுள் அடைபட்டு, எவர் கண்ணிலும் படாமல் இருப்பார். அவர் முன்னே நீர் நிறைந்த பித்தளைத் தட்டம். அதனுள் வெள்ளியாற் செய்த ஆண்மீன் ஒன்று, பெண்மீன் ஒன்று. கடலிற் சுறாவால் விபத்து நேருமாயின் அறையினுள் வெள்ளி மீன்களில் ஒன்று மற்றொன்றைக் கடிப்பது தெரியும் என்பது நம்பிக்கை. கரையில் நின்ற தாய்மாரும் சம்மாட்டிமாரும் கடலடியைக் காண இயலாது. அறையினுள்ளும் காண இயலாது. மூடிய கதவும் அதன் பின்னே ஒரு தட்டமும் இருந்தன. மற்றவற்றை அவர்கள் உள்ளமே வரைந்துகொண்டது. அவர் மனங்கோணினாற் சுறாவை ஏவிவிடவும் வல்லவர் என்று கருதியதால் எல்லாத் திக்கிலிருந்தும் அவருக்குக் கையுறை வந்து குவிந்தது.

அரசாங்கம் இவரை ஏமாற்றுக்காரர் என்று நூல்களில் எழுதியது. சலாபச் சிப்பந்திகளுள் ஒருவராகவும் வைத்துக்கொண்டது. குளிகாரர் இறங்காவிடில் வருமானம் இல்லை. ஆதலால் அதிகாரிகள் தாம் நம்பாத மந்திரத்தைப் பிறர் நம்பிக்கைக்காகப் பேணினர்.

எமேர்சன் தெனன்ற் இலங்கையின் குடியேற்றச் செயலாளராய் இருந்தவர். 1859இல் அவர் வெளியிட்ட பெருநூலிற் கடல்கட்டியைப் பற்றிய ஒரு குறிப்பு உண்டு. அதனைப் படிப்போர் சிரிக்காமல் இருத்தல் அரிது. அக்காலத்துக் குடும்பத் தலைவர் கத்தோலிக்கர். கட்டின் வலிமை குடும்ப வழியில் வருவது. கட்டுபவரின் சமயம் அதற்குத் தடையன்று என்பது மக்கள் கொள்கை. தெனன்ற் சென்றபோது அப்பெரியவர் நோயுற்றிருந்தார். தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பியிருந்தார். வந்தவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: அந்தப் பெருமந்திரம் தமக்குத் தெரியாது, எனினும் தாம் தலைவரின் பதிலாள் ஆகையால் சுறாக்கள் தம்மை மதித்து நடக்கும்!

மூலவர் இல்லாத இடத்திற் பெயர் மட்டும் போதுமா என்னும் வழக்கு இங்கே தெளிவாய் எழுகின்றது. இதே வழக்கு 1982இல் அமெரிக்காவில் எழுந்தது. ஜோன் காப்பென்ரர் இயக்கிய ‘ஹாலோவீன்’ என்னும் படம் 1978 ஒக்டோபரில் வெளிவந்து, ஆவிகளின் இரவில் முகமூடியோடு வரும் கொலைஞன் ஒருவனைப் புகழ்பெறச் செய்தது. 1981இல் இரண்டாம் பாகம் வந்தது. கொலைஞனும் கதாநாயகியும் உடன்பிறந்தோர் என்ற பழந்தொடர்பு ஒன்று அதிற் புதிதாய்ப் புகுத்தப்பட்டது. கொல்லத்துக் கிழவியின் பழம்பகையை இது நினைவூட்டும். மூன்றாம் பாகத்திலே தயாரிப்பாளர் ஒரு புதுமை செய்ய எண்ணினர். கொலைஞனை விட்டுவிட்டு, அதே பருவத்தில் நிகழும் வேறொரு கதையை அதே பெயரிற் கொடுத்தனர். பார்த்தவர்கள் ‘அவன் எங்கே?’ என்று கேட்டுச் சினந்தனர். 1988இல் அவனைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2018இல் வந்த படமோ முதற் பாகத்துக்குப் பின்வந்த எல்லாவற்றையும் நிகழாதவை எனத் தள்ளிவிட்டது. ‘வெள்ளிக்கிழமை பதின்மூன்று’ என்னும் வரிசையில் நான்காம் படத்துக்கு 1984இல் இறுதி அத்தியாயம் என்று பெயரிட்டனர். மறு ஆண்டே ஐந்தாவது வந்தது. மார்க்கோ போலோ கண்ட மந்திரக்காரருக்கு இதில் வியப்பேதும் இருந்திராது.

தமிழ்ப் படவுலகிலும் இதன் நிழல் உண்டு. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வெளிவந்ததும் அதே 1978 ஒக்டோபரில்தான். ஒன்றை ஒன்று கண்டு எடுத்ததன்று. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திரா 1980இல் ‘மூடுபனி’யைத் தந்தார். மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ 1984இல் வந்தது. கத்தியேந்திய கொலைஞன் தமிழில் வரிசைப் பாகங்களாய் வளரவில்லை; அந்த இடத்தைப் பேய் பிடித்துக்கொண்டது. 2007இல் ‘முனி’யில் தொடங்கிய ராகவா லாரன்சின் வரிசையில் 2015, 2019ஆம் ஆண்டுகளின் ‘காஞ்சனா’ப் படங்கள் இரண்டும் ஏப்பிரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வெளியாயின. கொண்டச்சியிற் கூட்டம் கலையும் அதே காலத்தில் இங்கே கூட்டம் சேர்ந்தது.

இனிச் சுறாவுக்கு வருவோம். 1863 செப்டெம்பர் 30ஆம் நாள் பாரிஸ் நகரில் பிசே என்னும் இருபத்துநான்கு வயது இசையமைப்பாளரின் ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் அரங்கேறியது. கதைக்களம் இலங்கை. குளிகாரரைக் காக்கும்பொருட்டு முக்காடிட்ட கன்னி ஒருத்தி பாறைமேல் நின்று இரவெல்லாம் பாடுகின்றாள். நோன்பிருந்த கடல்கட்டி ஐரோப்பிய மேடையில் இளம்பெண்ணாகிவிட்டார். முதலில் மெக்சிக்கோவைக் களமாகக் கொண்டே கதையை எண்ணினராம். பின்னர் இலங்கைக்கு மாற்றினர். கரையில் நிற்பவர் நம்பிக்கைதான் கடலில் இருப்பவரைக் காக்கின்றது என்னும் கருத்து மட்டும் பிழையின்றி அமைந்துவிட்டது.

நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1975 யூன் மாதத்தில், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய ‘ஜோஸ்’ என்னும் சுறாப்படம் வந்தது. பீற்றர் பெஞ்சிலி முந்திய ஆண்டு எழுதிய நாவலே அதன் மூலம். இயந்திரச் சுறா உப்புநீரிற் பழுதாகிப் பழுதாகிப் படப்பிடிப்பைக் கெடுத்தது; ஆகவே நெடுநேரம் சுறாவைக் காட்டாமலே கதையை நடத்த வேண்டியதாயிற்று. படத்தின் வெற்றிக்கு அதுவே பெருங்காரணம் என்பர். மூடிய அறையுள் வெள்ளி மீனை வைத்தவர் இதனைக் கற்றுக்கொள்ள இயந்திரம் பழுதாகும்வரை காத்திருக்கவில்லை. 1978, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொடர்ப்படங்கள் வந்தன; ஸ்பீல்பேர்க் அவற்றுள் எதையும் இயக்கவில்லை. பின்வந்தவற்றிற் சுறா நன்றாகத் தெரிந்தது. அச்சம் குறைந்தது. கோடைப் பருவம் பெரும்படங்களுக்கு உரியது என்னும் வழக்கமோ முதற் படத்தோடு வேரூன்றிவிட்டது.

இத்தனைக்கும் கொண்டச்சிக் கடலிற் சுறா கொன்றவர் எத்தனை பேர்? ஆங்கிலேயர் ஆட்சி தொடங்கிய நாள்முதல் தம் காலம்வரை உறுதியாய் அறியப்பட்ட விபத்து ஒன்றே என்று தெனன்ற் எழுதுகின்றார். நூற்றுக்கணக்கான தோணிகளின் ஆரவாரமே சுறாவை விரட்டப் போதுமாயிருந்திருக்கலாம். குளிகாரனின் உண்மையான பகை வேறு. ஐந்து முதற் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள நீரிற் கல்லைக் காலிற் கோத்து இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி ஏறுபவனின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீரோடு குருதியும் வழிந்ததை 1803இல் நூல் வெளியிட்ட றொபேட் பேர்சிவல் பதிந்துள்ளார். அவன் மீண்டும் இறங்குவான். ஒரு நாளிற் பலமுறை இறங்குவான். நெருங்கிய குடில்களில், நல்ல நீர் அரிதான மணலில், வாந்திபேதி பரவியதும் உண்டு. காது கிழிவதற்கும் வாந்திபேதிக்கும் கட்டுக்கட்ட எந்தக் குடும்பமும் முன்வரவில்லை. அவற்றைப் பற்றி எவரும் கதை சொல்லிக் கூட்டம் சேர்க்கவில்லை. பல்லும் வாயும் உடைய அச்சம் பேசுவதற்கு எளிது; அதற்கு ஒரு முகம் உண்டு.

இதனை உணர்ந்த எழுத்தாளர் ஒருவர் இக்கரையில் இருந்திருக்கின்றார். 1906இல் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில், சிப்பி எண்ணும் கொட்டுகளை மேற்பார்த்த இளம் அதிகாரி லெனாட் வூல்ஃப், பின்னாளில் அதனைக் களமாக்கி ஒரு சிறுகதை எழுதினார். அது 1921இல் நூலில் வந்தது. கதையிற் சுறா பயமுறுத்தவில்லை. குடிவெறியிற் பிதற்றிச் சாகும் வெள்ளையன் ஒருவனும், தோழர் சுமந்துவரும் அராபியக் குளிகாரன் ஒருவனின் உடலுமே வருகின்றன.

1905ஆம் ஆண்டுச் சலாபம் அரசுக்கு ஈட்டியது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. அடுத்த ஆண்டு பார்களை ஓர் ஆங்கிலக் கும்பனிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். சில பருவத்துள் சிப்பி அற்றுப்போயிற்று, கும்பனியும் நிலைக்கவில்லை. 1925இல் ஒரு சலாபம் கூடியது. அதன்பின் அந்தப் பழைய நகரம் மணலில் எழவில்லை. சலாபத்தை மேற்பார்க்கத் தேசாதிபதி நோர்த் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையை ஊரார் அல்லிராணி கோட்டை என்பர். கடல் அரித்து அரித்து அதன் சுவர்கள் சரிந்துவருகின்றன.

மெய்யான அச்சம் இவ்வூருக்குப் பின்னரே வந்தது. அது கடலிலிருந்து வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் யாவரும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, கொண்டச்சி உட்பட முசலிப் பகுதியின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாயின. கையிலெடுத்த சிறு பொருளோடு பலர் புத்தளப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். ஓலைக் கொட்டில்களிற் பிள்ளைகள் பிறந்து வளர்ந்தனர். 2009இற் போர் முடிந்த பின்னரே மீள்குடியேற்றம் பெருமளவில் தொடங்கியது. திரும்பியவர் பலர் தம் வளவைக் காடாய்க் கண்டனர். இதனை எவரும் பருவந்தோறும் பார்த்து மகிழும் கதையாக்கவில்லை.

சுறாவின் கதையும் திரும்பிவிட்டது. நாவலெழுதிப் புகழ்பெற்ற பெஞ்சிலி, தம் நூல் மூட்டிய அச்சத்துக்காக வருந்தி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களைக் காக்குமாறு பேசியும் எழுதியும் வந்தார். இலங்கையில் நீண்ட வாலுடைய சுறா இனத்தைப் பிடிப்பதை 2012ஆம் ஆண்டுச் சட்டவிதி தடுத்தது. 2015இல் திமிங்கிலச் சுறாவும் வெண்ணுனிப் பெருங்கடற் சுறாவும் அப்பட்டியலிற் சேர்ந்தன. அவற்றைக் கொன்று கரைக்குக் கொண்டுவருவது இப்போது குற்றம். தவறி வலையில் உயிரோடு அகப்பட்டாற் கடலிலேயே விட்டுவிடவேண்டும்.